சூடு வைத்துப் பார்ப்பவள்

பஸ்ஸில் இடம் இருக்கிறது என்று கண்டக்டர் சொன்னால் ஜபீன் உடனே ஏறிவிட மாட்டாள். காலை ஆறே முக்காலுக்குப் பழவேற்காட்டில், கைப்பையை மார்போடு அணைத்தபடி பஸ்ஸின் ஓரமாக நடந்து ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்ப்பாள். காலி இருக்கையைக் கண்ணால் கண்ட பிறகுதான் படியில் கால் வைப்பாள். உட்கார்ந்ததும் பக்கத்திலிருப்பவரிடம், இது பொன்னேரி போகிற வண்டிதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வாள். ஆறு வருஷமாக அதே பஸ், அதே ஊர், பெரும்பாலும் அதே கண்டக்டர். "இன்னா மேடம், நான் உங்கள ஆந்திராவுக்கா கூட்டிக்கினு போயிடப் போறேன்?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "போனாலும் போவீங்க" என்றாள் ஜபீன், சிரிக்காமல்.

வயது முப்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு, இரண்டு கண்களில் இடதுகண் மட்டும் எப்போதும் கொஞ்சம் இடுங்கியே இருக்கும். கைக்கடிகாரம் வாங்கப் போன கடையில், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொன்னதும், "அப்போ ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்று கேட்டவள். மகள் சிஃபா கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தபோது விடைத்தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றாறுதான் வந்தது. மறுநாள் பள்ளிக்கே போய் அந்த இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு வந்தாள். சிஃபா மூன்று நாள் பேசவில்லை. கணவர் ஆஷிக் பழவேற்காடு கடைத்தெருவில் மீன்வலையும் கயிறும் விற்கிறார். "நிக்காவுக்கு முன்னாடி எங்க தெருவுல நாலு ஊட்ல என்னப் பத்தி விசாரிச்சாங்க. பெரியவங்க வந்து விசாரிக்கல. இவளே வந்தா" என்பார், குறைசொல்லுகிற குரலில் அல்ல.

இப்படிப்பட்டவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமைந்திருக்க முடியாது. பொன்னேரியில் இறங்கி அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி போவாள். சிப்காட்டின் பின்ரோட்டில், இரும்பு ஆலைகளுக்கு நடுவே, பதினான்கு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன யூனிட். அங்கே கண்ணாடிச் சில்லுகளின் மேல் கொழுப்புப் படலம் போர்த்துகிறார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி மெல்லிய கொழுப்புத் தோல் ஒன்று உண்டு. அதே மாதிரியான தோலைக் கண்ணாடியில் விரித்துக் கொடுத்தால், ஐதராபாத்தில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி அதன்மேல் புதுப்புது மருந்துகளை ஊற்றி, எது ஒட்டுகிறது, எது நழுவுகிறது என்று பார்க்கும். தலைமுடி ஒன்றின் கனத்தை இருபதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தத் தோலின் கனம். தண்ணீருக்குள்தான் அது உயிரோடிருக்கும். வெளியே எடுத்தால் சுருண்டுவிடும்.

கண்ணாடி முழுவதும் தோல் படிந்திருக்கிறதா, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது ஜபீனின் வேலை. கொழுப்பில் ஒரு சாயம் கலந்திருக்கும். இருட்டறையில் விளக்கு பட்டால் அது பச்சையாக ஒளிரும். ஒளி இருக்குமிடத்தில் தோல், இருட்டில் ஓட்டை. பார்ப்பவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஜபீன் அங்கேதான் சந்தேகப்படுவாள்.

கொழுப்பு கலந்த நீரைச் சில்லின்மேல் ஊற்றும்போது அதில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குமிழிகள். கண்ணாடி சுத்தமாக இருந்தால் அவை விழுந்து, உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே விரிப்பாகும். அழுக்கு இருந்தால் உடையாமல் ஜவ்வரிசி மாதிரி நெருக்கி உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே பச்சையாகத்தான் ஒளிரும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஜபீன் செய்வதற்கு அவளே வைத்த பெயர், சூடு வைப்பது. விளக்கைக் குறுக்கி, ஒரே இடத்தில் கடும் வெளிச்சத்தை அரை நிமிஷம் அடிப்பாள். அந்த இடத்தில் சாயம் வெளுத்துக் கரும்புள்ளி விழும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். ஒரே விரிப்பாக இருந்தால் பக்கத்திலிருக்கும் கொழுப்பு மெல்ல நகர்ந்துவந்து பத்து நிமிஷத்தில் புள்ளியை மூடிவிடும். ஜவ்வரிசி என்றால் புள்ளி அப்படியே நிற்கும்.

ஒருமுறை ஐதராபாத்திலிருந்து வந்த அதிகாரி மைக்ராஸ்கோப்பில் குனிந்து, பிரமாதம் என்றார். மேனேஜர் துளசிராமன் பூரித்துப்போய் நின்றார். "வெளிச்சத்த நம்பாதீங்க சார், சூடு வெச்சிப் பாக்கலாம்" என்றாள் ஜபீன். வைத்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று, புள்ளி அசையவில்லை. துளசிராமன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜபீன் கையெழுத்து இல்லாத பெட்டியை ஐதராபாத்தில் பிரிப்பதில்லை.

சில்லுகளைக் கழுவுவது சின்னப்பொண்ணு. எளாவூரிலிருந்து ஏழு மணிக்கே வந்துவிடுவாள். சோப்பு நீர், அமிலம், பிறகு சுத்திகரித்த தண்ணீரில் முப்பது அலசல். எட்டே முக்காலுக்கு இருபத்துநான்கு சில்லுகளும் தாங்கியில் வரிசையாக நிற்கும். ஒன்பதுக்கு ஜபீன் வந்து கொழுப்பு நீரை ஊற்றுவாள். உதவியாளர் தணிகைவேலுக்கும் ஊற்றத் தெரியும். ஆர்.கே.பேட்டைக்காரர், முப்பது வயது, நிதானமான கை. ஆனாலும் ஜபீன் அவரை விடமாட்டாள். "ஊத்துறது நான்தான். யாரும் தொட வேணாம்" என்பது அந்த அறையின் சட்டம்.

இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாதத்தில் சில்லுகள் கெட ஆரம்பித்தன. எல்லா நாளும் இல்லை. நான்கு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் இருபத்துநான்கில் பத்துக்குப் புள்ளி மூடாது. அப்புறம் இரண்டு நாள் சரியாக இருக்கும். ஐதராபாத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: அடுத்த மாதமும் இப்படியென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம். பதினான்கு பேரும் அந்த ஒரு வாடிக்கையை நம்பித்தான் இருந்தார்கள்.

"கழுவுறதுலதான் கோளாறு" என்றார் துளசிராமன், கடிதத்தை மடித்துக்கொண்டே. "அந்தம்மா முப்பது தடவ அலசுதுன்னு யார் பாத்தது?"

ஜபீனுக்கும் அந்தச் சந்தேகம் ஏற்கெனவே முளைத்திருந்தது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ் பிடித்து ஏழேகாலுக்கே வந்து, கழுவும் அறையின் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றாள். விரல்விட்டு எண்ணினாள். சின்னப்பொண்ணு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே முப்பதும் அலசினாள். அன்று இருபத்துநான்கும் நன்றாக வந்தன. நம் நிழலைப் பார்த்துவிட்டு ஒழுங்காகச் செய்திருக்கிறாள் என்று ஜபீன் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு பொறி வைத்தாள். கழுவ வேண்டிய சில்லுகளில் ஒன்றில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, மற்றவற்றோடு கலந்து வைத்தாள். ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது அந்தச் சில்லு தனியாக ஒரு கிண்ணத்தில் கிடந்தது. "இதுல யாரோ கை வெச்சிருக்காங்க மேடம். மறுபடி கழுவியும் மனசு ஒப்பல, தனியா எடுத்து வெச்சிட்டேன்" என்றாள் சின்னப்பொண்ணு. சொல்லும்போது அவள் பார்வை ஜபீனின் கைமேல் இருந்தது. ஜபீன் இருட்டறைக்குள் போய்விட்டாள்.

அந்த வாரமே கவரைப்பேட்டையில் ரயிலை நிறுத்திவிட்டு எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டார்கள். ஜபீன் வந்துசேரப் பத்தேகால் ஆகிவிட்டது. "கழுவி வெச்சி எம்மா நேரமாச்சு மேடம்" என்றாள் சின்னப்பொண்ணு. தாமதமாக வந்ததைக் குத்திக்காட்டுகிறாள் என்று ஜபீனுக்குச் சுருக்கென்றது. "உங்க வேலய நீங்க பாருங்க அக்கா." அன்று பன்னிரண்டு சில்லுகள் போயின.

மாலையில் துளசிராமன் ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரை அவள் முன்னால் விரித்து வைத்தார். கெட்ட தேதிகள், எண்ணிக்கை, காரணம். காரணக் கட்டம் கீழிருந்து மேல்வரை காலியாக இருந்தது. "ஏதாவது ஒண்ணு எழுதுங்க ஜபீன். காரணம் இல்லாம அனுப்புனா ஐதராபாத்துல ஒத்துக்க மாட்டாங்க." பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினாள். பிறகு ஆங்கிலத்தில், கழுவியதில் சந்தேகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சந்தேகம் என்றுதானே எழுதினோம், குற்றம் என்று எழுதவில்லையே என்று ரயிலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் துளசிராமன் அந்த வரியைச் சின்னப்பொண்ணுவுக்குப் படித்துக் காட்டினார். அவள் ரப்பர் கையுறைகளைக் கழற்றி, உள்பக்கம் வெளியே திருப்பி, உலரப்போட்டுவிட்டுப் போனாள்.

அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். எட்டு நாள் சில்லுகள் பழுதில்லாமல் வந்தன. துளசிராமன் டீ வாங்கிக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் பதினொன்று கெட்டன.

வேறொருத்தியாக இருந்தால் புதியவளையும் சந்தேகப்பட்டிருப்பாள். ஜபீனுக்கு வேறு மாதிரி உறுத்தியது. இரண்டு பேர் கழுவியும் ஒரே மாதிரி கெடுகிறதென்றால், கழுவுவது எப்படிக் காரணமாகும்? கெட்ட நாட்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். ஒன்பது தேதிகள். தண்ணீர் சுத்திகரிக்கும் வடிகட்டி மாற்றிய நாட்களோடு ஒப்பிட்டாள், பொருந்தவில்லை. கரண்ட் போன நாட்கள், கொழுப்புக் குப்பி புதிதாகத் திறந்த நாட்கள், எதுவும் பொருந்தவில்லை. அப்படியானால் யாரோ ஒரு ஆள். அந்த நாட்களில் மட்டும் உள்ளே வந்து எதையோ தொடுகிற ஆள். காவலாளி பச்சையப்பனிடம் போய் வாசல் நோட்டைக் கேட்டாள். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"யாரப் புடிக்கப் போறீங்க மேடம்?" என்றார் பச்சையப்பன்.

"இருக்கிறவங்கள."

ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கினாள். தணிகைவேல் எல்லா நாளும் எட்டரை. துளசிராமன் எல்லா நாளும் ஒன்பதரை. துப்புரவுக்காரர், எலெக்ட்ரீஷியன், டிரைவர் எல்லோரும் கெட்ட நாளிலும் நல்ல நாளிலும் ஒரே மாதிரி வந்திருந்தார்கள். ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் அந்த ஒன்பது நாளும் மணி மாறியிருந்தது. ஒன்பது ஐம்பது. பத்தேகால். பத்து ஐந்து. ஒன்பது நாற்பது. நோட்டை மூடினாள். மறுபடி திறந்து கீழிருந்து மேலே பார்த்தாள். பெயர் மாறவில்லை, அவளுடையதுதான். ஒன்பதும் ரயில் தாமதமான நாட்கள். பச்சையப்பன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

அதையும் அவள் நம்பிவிடவில்லை. மறுநாள் சரியான நேரத்துக்கு வந்து, கழுவிய சில்லுகளில் ஆறுக்கு உடனே ஊற்றினாள், ஆறுக்கு அரைமணி கழித்து, ஆறுக்கு ஒருமணி கழித்து, கடைசி ஆறுக்கு ஒன்றரை மணி கழித்து. முதல் ஆறிலும் புள்ளிகள் மூடின. ஒருமணி நேரமும் அதற்கு மேலும் காத்திருந்தவற்றில் முக்கால்வாசி மூடவில்லை. கூடுதலாகக் கழுவச் சொல்லிக் காத்திருக்க வைத்த ஒரு சில்லில் வெறும் தண்ணீரை ஒரு சொட்டு விட்டாள். கழுவியதும் விட்டால் பரவி ஓடுகிற தண்ணீர், சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல் உருண்டு நின்றது. மே மாதக் கடைசியில் பக்கத்துக் கொட்டகையில் இரும்புக் கம்பி உருட்டும் பட்டறை ஒன்று ஓட ஆரம்பித்திருந்தது. அதன் எண்ணெய்ப் புகை, சமையலறை விசிறியில் படியும் பிசுக்கு மாதிரி, நின்றிருந்த சில்லுகளில் படிந்திருக்கிறது. நேரத்துக்கு ஊற்றியிருந்தால் படிந்திருக்காது. அவள் வரத் தாமதமான நாட்களில் தணிகைவேல் ஊற்றியிருக்கலாம், அவள் விட்டிருந்தால். இன்னொரு நாளும் அதே சோதனையைச் செய்தாள். அதே விடைதான்.

துளசிராமன் முழுவதையும் கேட்டார். சலனமே இல்லாமல் கேட்டார். அதுவே ஜபீனுக்கு உறுத்தியது. இவருக்கு முன்பே தெரியுமோ?

"சரி, இனிமே தணிகைவேல் ஊத்தட்டும். முடிஞ்சி போச்சு" என்றார்.

"சின்னப்பொண்ணு அக்கா?"

"ஐதராபாத்துக்கு, கழுவுற ஆள மாத்திட்டோம், சரியாயிடுச்சுன்னு எழுதிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. இப்ப போயி அது இல்ல, எங்க மைக்ராஸ்கோப் மேடம்தான்னு எழுதுனா உங்க கையெழுத்துக்கு அப்பால இன்னா மதிப்பு? நீங்க சொல்லலன்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"உட்டுடுங்க ஜபீன். பேஜாரு பண்ணாதீங்க."

அவள் விடவில்லை. அன்றைய பெட்டி கையெழுத்துக்காக மேஜைமேல் இருந்தது. மாலை வரை கையெழுத்தில்லாமல் அங்கேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. கூரியர்காரர் இரண்டாம் முறை வந்து திரும்பிப் போன பிறகு துளசிராமன் இருட்டறைக் கதவைத் தட்டினார். "போயி கூப்புடுங்க. வந்தா வரட்டும். நான் வேணாம்னு சொல்லல."

எளாவூரில் சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். ஜபீனைப் பார்த்தும் முறம் நிற்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை.

"இப்ப இன்னா, எங்க ஊட்லயும் சோதன போட வந்துக்கிறியா?"

பேச்சில் 'மேடம்' போய்விட்டிருந்தது. ஜபீன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ரயில், நேரம், எண்ணெய்ப் புகை. சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"கழுவி வெச்சி எம்மா நேரமாச்சுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் சின்னப்பொண்ணு. "காதுல வாங்குனியா? அந்தக் கட்டவெரலு யாரோடதுன்னும் எனக்குத் தெரியும். தெனம் உன் கையத்தான் பாத்துக்கினு இருக்கேன், தெரியாதா."

"என் மேலதான் தப்பு அக்கா. வேலைக்கு வாங்க."

"நீ இப்ப வாயால சொல்ற. என்னப் பத்தி எழுதுனது பேப்பர்ல கீது. நாளைக்கி இன்னொருத்தரு வந்து அந்தப் பேப்பரத்தான் படிப்பாரு, நீ இங்க வந்து நின்னதயா படிப்பாரு?"

இப்படி ஒரு கேள்வியை ஜபீனிடம் யாரும் கேட்டதில்லை. மற்றவர்களிடம் அவள் கேட்டிருக்கிறாள்.

"எழுதுறேன்" என்றாள்.

"என் எதுருல எழுதணும்."

மறுநாள் காலை வந்ததும் சின்னப்பொண்ணு கழுவும் அறைக்குள் போகவில்லை. ஜபீன் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். ரிஜிஸ்டரைத் திறந்து, கெட்ட தேதிகளுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, வழக்கம்போல ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினாள்.

"இன்னா எழுதிக்கிற?"

ஜபீன் அர்த்தம் சொன்னாள்.

"நீ படிச்சாப் போதுமா? அன்னிக்கும் அவரு படிச்சாரு, நான் கேட்டுக்கினு நின்னேன்."

ஜபீன் அதன் கீழேயே தமிழில் எழுதினாள். ஆறு வருஷத்தில் அந்த ரிஜிஸ்டரில் விழுந்த முதல் தமிழ் எழுத்து அது. 'சில்லுகள் கெட்டதற்குக் காரணம் கழுவியது அல்ல. நான் நேரம் கழித்து வந்து, நேரம் கழித்து ஊற்றியது.' ரிஜிஸ்டரைச் சின்னப்பொண்ணு பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

சின்னப்பொண்ணு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து உதடசைத்துப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். இரண்டாம் வரியின் முதல் சொல்லில் விரல் நின்றுவிட்டது.

"நான்னு போட்டுக்கிற. நான்னா யாரு?"

ஜபீன் மூடிய பேனாவை மறுபடி திறந்தாள்.